படத்தில் வரும் 'சைக்கோ'வும் வீட்டில் இருக்கும் தம்பியும்

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, தூக்கமும் சரியாகிவிட்டது. போன வாரம் எல்லோரும் உட்கார்ந்து ஒரு த்ரில்லர் படம் பார்த்தோம். வரிசையாகக் கொலை செய்கிறவன் யார் என்று தெரிகிற இடத்தில், அவனுக்கு இருப்பது என் தம்பிக்குச் சொன்ன அதே நோய்தான் என்று ஒரு டாக்டர் பாத்திரம் விளக்குகிறது. தம்பி எழுந்து அறைக்குள் போய்விட்டான். மறுநாள் என்னிடம், "அக்கா, நானும் அப்படி ஆயிடுவேனா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அதிலிருந்து மாத்திரை வேண்டாம் என்கிறான், அந்த நோயே தனக்கு இல்லை என்கிறான். அம்மா சமையலறைக் கத்தியை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துவிட்டார். அவன் தேடியபோது, சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவனுக்கு ஷாக் வைத்துவிடுவார்களோ என்ற பயமும் அம்மாவுக்கு இருக்கிறது. இனிமேல் அவனைப் படமே பார்க்க விடாமல் இருப்பதுதான் நல்லதா? படத்தில் காட்டுவதில் எதுதான் உண்மை?

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். அப்படி ஆக மாட்டார். டாக்டர் ஒருவரிடம் கேட்டேன், ஆக மாட்டாய் என்றார் என்று அவரிடம் அப்படியே சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவரால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. அப்போது காதில் கேட்ட குரல்தான் அவருக்கு நிஜம். இன்று, தனக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, அது தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கிறார். தேறி வருகிறவர் கேட்கிற கேள்வி அது.

அந்த நோயே எனக்கு இல்லை என்பதும் அநேகமாக அதே பயத்திலிருந்து வருவதுதான். அந்த நோய் வந்தவன் கொலைகாரன் என்று படம் சொல்கிறது. நான் கொலைகாரன் இல்லை. ஆகவே எனக்கு அந்த நோய் இல்லை. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார், முதல் வரிதான் தப்பு.

படத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, அந்த டாக்டர் பாத்திரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். 1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று, கொலைகாரனின் மனதுக்குள் என்ன நடந்தது என்று நீளமாக விளக்குவார். இத்தனை வருடமாகியும் அவர் ஓய்வு பெறவில்லை. கதை எழுதுகிறவருக்கு முடிச்சை அவிழ்க்க ஓர் ஆள் வேண்டும். நோயின் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டால், அவன் ஏன் செய்தான் என்பதற்கு வேறு பதில் தேட வேண்டியதில்லை. நானும் த்ரில்லர்களை விரும்பிப் பார்ப்பவன்தான். என் வீட்டில்தான் யாரும் என்னோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. அந்த டாக்டர் திரையில் வாயைத் திறந்ததும் இங்கே நானும் திறந்துவிடுவேன்.

அந்த இடத்தில் நடக்கிற குளறுபடி பெரும்பாலும் ஒன்றுதான். சைக்கோசிஸ், சைக்கோபாத் என்ற இரண்டு சொற்களும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கின்றன. சைக்கோசிஸ் வந்தால் நிஜத்தின்மேல் இருந்த பிடி விட்டுப்போகும். இல்லாத குரல் கேட்கும், யாரோ பின்தொடர்வதாக உறுதியாகத் தோன்றும், யோசனை கோவையாக ஓடாது. உங்கள் தம்பிக்கு வந்தது இந்த வகை. சைக்கோபாத் என்கிறோமே, அவருக்குக் குரல் எதுவும் கேட்காது. நிஜம் அவருக்கு நம்மைப் போலவே தெரியும், அடுத்தவர் வலி மட்டும் உறைக்காது. படத்தில் வருகிற கொலைகாரன் மாதக்கணக்கில் திட்டம் போடுகிறான், தடயத்தை அழிக்கிறான், போலீசுக்குப் புதிர் வேறு அனுப்புகிறான். நோய் உச்சத்தில் இருந்தபோது உங்கள் தம்பி எப்படி இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். குளிக்கச் சொல்லி எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது? ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்க முடிந்ததா? அந்த நிலையில் இருப்பவரால் ஒரு பஸ் பயணத்தைக்கூடத் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. சினிமாக்காரர்கள் சைக்கோபாத்தின் மூளையை எடுத்து, அதன்மேல் சைக்கோசிஸின் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

இரட்டை ஆளுமை என்ற குழப்பமும் இதோடு சேர்ந்துகொள்ளும். மனச்சிதைவுக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் வைத்தவர் ஆய்கன் ப்ளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர். கிரேக்க மொழியில் 'பிளந்த மனம்' என்று பொருள். யோசனையும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணைப்பு விட்டுப்போவதைத்தான் அவர் சொன்னார், ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்று அல்ல. ஆனால் படத்துக்கு இரண்டு ஆள் இருந்தால்தான் வசதி. ஒரே நடிகர் தலைமுடியைக் கலைத்துவிட்டுக் குரலை மாற்றிப் பேசலாம், கைதட்டல் கிடைக்கும். அப்படி ஆளுமை மாறுவது தனி நோய். பெரும்பாலும் சிறு வயதில் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு வருவது, அவர்கள் காயப்படுத்திக்கொள்வதும் அநேகமாகத் தங்களைத்தான்.

பெயரே பயமுறுத்துகிறது என்று ஜப்பானில் 2002-ல் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். நம் 'மனச்சிதைவு'ம் அப்படி ஒன்றும் ஆறுதலான சொல் இல்லை. தம்பிக்கு அது பிடிக்கவில்லை என்றால், 'குரல் கேட்ட பிரச்சினை' என்றே வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள். வைத்தியத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, இந்த நோய் உள்ளவர்கள் யாரையும் அடித்ததே இல்லையா? அப்படிச் சொன்னால் நானும் அந்தப் படத்து டாக்டர் மாதிரி ஆகிவிடுவேன். சிகிச்சை இல்லாமல் நோய் முற்றிய நிலையில், அதிலும் குடியோ கஞ்சாவோ சேர்ந்துகொண்டால், ஆபத்து கூடுவது உண்மைதான். ஆனால் உலகத்தில் இரண்டு கோடிக்கும் அதிகமான பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யார்மீதும் கை வைக்காமல் வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள். அடி வாங்குவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. அதை வைத்து யாரும் த்ரில்லர் எடுப்பதில்லை.

இப்போது நீங்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். படம் பார்த்தபோது தம்பிக்குச் சரியாக என்ன தோன்றியது? "என் நோயை இப்படிக் காட்டிட்டாங்களே" என்றால் அது மனவருத்தம், யாருக்கும் வரும். "என்னைப் பத்தித்தான் அந்தப் படமே எடுத்திருக்காங்க, அந்த டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்" என்றால் சங்கதி வேறு. டிவியில் வருகிறவர் தன்னிடம் நேராகப் பேசுவதாகத் தோன்றுவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று, மாத்திரை விட்டுப்போனால் அது மறுபடி எட்டிப் பார்க்கலாம். எதிரே உட்காரவைத்துத் துருவ வேண்டாம். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "அன்னிக்கு எந்த சீன்ல எழுந்து போனே?" என்று ஆரம்பித்தால் போதும். இரண்டாவது மாதிரிப் பதில் வந்தால் அவரோடு வாதாடாதீர்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே அவருடைய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். கொலைகாரப் படங்களைவிட எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது நல்ல மனதோடு எடுக்கிற படங்கள். அதில் நோயாளிக்கு ஒரு காதலி கிடைப்பாள், இல்லாவிட்டால் அம்மா மடியில் போட்டுத் தலையைக் கோதுவார். ஒரு பாட்டு வரும், பாட்டு முடியும்போது நோய் போயிருக்கும். மாத்திரையை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிகிற காட்சிக்கு வயலின் வாசிப்பார்கள். இதைப் பார்த்துப் பழகிய குடும்பம், மாத்திரை தேவைப்படுகிறது என்றால் தாங்கள் காட்டிய அன்பு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. "நான் எங்க குறை வச்சேன் டாக்டர்?" என்று என் எதிரே உட்கார்ந்து அழுத அம்மாக்கள் எத்தனையோ பேர். எங்கேயும் வைக்கவில்லை. உங்கள் அம்மாவும் வைக்கவில்லை.

தம்பி இணையத்தில் தேடினால் ஜான் நாஷ் என்ற பெயர் கண்ணில் படாமல் இருக்காது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கணித மேதை. சுமார் 30 வயதில் இதே நோய் வந்தது. 1994-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர். 2001-ல் அவரைப் பற்றி 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' என்ற படம் வந்தது. அதில் இல்லாத மனிதர்கள் அவர் கண்முன் நடமாடுவார்கள், அவருடைய கல்லூரி அறை நண்பன்கூடக் கற்பனைதான். நிஜ நாஷுக்கு வந்தவை குரல்கள். இந்த நோயில் காதில் கேட்பதுதான் அதிகம், கண்ணில் தெரிவது குறைவு. இதற்காக அந்த இயக்குநரை நான் குறை சொல்ல மாட்டேன். குரலைப் படம் பிடிக்க முடியாது, ஆளைப் பிடிக்கலாம். அந்த நண்பன் இல்லவே இல்லை என்று தெரிகிற இடத்தில் பார்க்கிற நமக்கே தூக்கிவாரிப் போடும். நோயாளிக்கு அது எவ்வளவு நிஜம் என்பதை நான் நூறு பக்கம் எழுதினாலும் அப்படிப் புரியவைக்க முடியாது.

இன்னொன்றையும் மாற்றினார்கள். நோபல் பரிசு சமயத்தில், தான் புது மருந்துகளை எடுத்துக்கொள்வதாகப் படத்து நாஷ் சொல்வார். நிஜ நாஷ் 1970 வாக்கிலேயே மருந்தை நிறுத்திவிட்டார். "பார்த்தியா, அவரே நிறுத்தியிருக்கார்" என்று தம்பி சொன்னால், உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். மருந்தில்லாமல் தேறுகிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அது யார் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் எந்தப் பரிசோதனையும் இல்லை. நாஷின் நோய்க்கும் நோபலுக்கும் நடுவே 35 வருடம் போயிருக்கிறது. அதில் பல வருடம் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கரும்பலகைகளில் யாருக்கும் புரியாத எண்களை எழுதிக்கொண்டு திரிந்தார்.

முதல் முறை நோய் வந்து தேறியவர்கள் குறைந்தது ஒன்றிரண்டு வருடமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்றுதான் நாங்கள் பொதுவாகச் சொல்கிறோம். நிறுத்தினால் பெரும்பாலும் அடுத்த வாரமே எதுவும் ஆகிவிடாது, அதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நிறுத்திவிட்டோம், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும். சில மாதம் கழித்துத் தூக்கம் கெடும், ஆள் ஒதுங்குவார், அப்புறம் குரல் திரும்பும்.

எதனால் வேண்டாம் என்கிறார் என்றும் கேளுங்கள். பயம் மட்டும்தானா? காலையில் எழுந்திருக்க முடியாத தூக்கமா, எடை கூடுகிறதா, கை நடுங்குகிறதா, ஓர் இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கிறதா? படங்களில் மாத்திரை சாப்பிட்ட நோயாளி எச்சில் ஒழுகச் சுவரை வெறித்துக்கொண்டிருப்பான். மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை. அளவு கூடிப்போனால் ஆள் மந்தமாகத்தான் ஆவார். அதற்கு அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தினமும் மாத்திரை விழுங்குவதற்குப் பதில் மாதம் ஒரு முறை போடுகிற ஊசியும் இருக்கிறது. வீட்டில் நடப்பது தெரிந்தால்தான் அவருடைய மருத்துவர் இதையெல்லாம் செய்ய முடியும். சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு நாள் தெரிந்துவிடும். எனக்கு எதையோ கலந்து கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் நிறையப் பேருக்கு வருவது, அதை நாமே நிஜமாக்கிவிடக் கூடாது.

அம்மாவின் ஷாக் பயமும் அநேகமாக சினிமாவிலிருந்து வந்ததுதான். 1975-ல் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்தில், சொன்ன பேச்சுக் கேட்காத நோயாளிக்குத் தண்டனை மாதிரி, மயக்கம் கொடுக்காமல், ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள மின்சாரம் வைப்பார்கள். நிஜ மனநல மருத்துவமனை ஒன்றிலேயே எடுத்த படம், அங்கே தலைமை மருத்துவராக இருந்தவரே படத்திலும் டாக்டராக நடித்தார். அந்தக் காட்சி வெறும் கற்பனையும் இல்லை. 1938-ல் ரோம் நகரில் இந்தச் சிகிச்சை தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. வலிப்பில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு, நோயாளிகளை மிரட்டி அடக்க அதைப் பயன்படுத்திய இடங்களும் இருந்தன. சிகிச்சை எப்போதோ மாறிவிட்டது, படங்கள்தான் அங்கேயே நின்றுவிட்டன.

இப்போது எப்படி நடக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருவார். கை நரம்பில் ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். அப்புறம் தசைகள் தளர ஒரு மருந்து. பல் பத்திரமாக இருக்க வாய்க்குள் ஒரு காப்பு. ஒரு காலில் மட்டும், கணுக்காலுக்கு மேலே, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை இறுக்கி வைத்திருப்போம், தசை மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. உடம்பில் வேறு எங்கும் வலிப்பு பெரிதாகத் தெரியாது என்பதால் அந்தப் பாதத்தைத்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் சில நொடிதான். டாக்டர், நர்ஸ் எல்லோரும் ஒரு கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நிற்போம். அரை நிமிடம், ஒரு நிமிடம் துடித்துவிட்டு நின்றுவிடும். கண் விழித்து, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. தலைவலி வரலாம். அந்த வாரங்களின் நினைவு கலங்கலாம், சிலருக்குச் சில பழைய நினைவுகள் திரும்பாமலும் போகலாம், அதை மறைக்கக் கூடாது. மிகக் கடுமையான மனச்சோர்வு, சாப்பிடாமல் பேசாமல் சிலை மாதிரி உறைந்துபோகிற நிலை, மருந்து போதாத சில சமயங்கள், இவற்றுக்குத்தான் இந்தச் சிகிச்சை. மாத்திரையிலேயே குரல் நின்றுவிட்ட உங்கள் தம்பிக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டியதில்லை.

படத்தில் எதுதான் உண்மை என்று கேட்டிருந்தீர்கள். நோய் பொங்கி வருகிற நாட்களைச் சில படங்கள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. நடுப்பகுதியைத்தான் யாரும் காட்டுவதில்லை. வாரம் ஒரு நாள் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது, பட்டப்பகலில் புத்தகத்தைப் பிடித்தபடியே தூங்கிப்போவது, பழைய நண்பனின் போன் அடிக்கும்போது எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்து அது அடித்து ஓய்வது. உங்கள் வீட்டில் இப்போது ஓடுவது இந்தப் பகுதிதான். என்னிடம் பல வருடமாக வருகிற ஒருவர் கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறார். அவருக்கு இன்னமும் எப்போதாவது குரல் கேட்கும். என்ன சொல்கிறது என்று போன முறை கேட்டேன். "வழக்கம்போலத் திட்டுச்சு டாக்டர். மாசக் கடைசி, கணக்கு முடிக்கிற அவசரம், கவனிக்கல" என்றார்.

தம்பி படம் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். நோய் உச்சத்தில் இருக்கிற நாட்களில் சத்தமும் அடிதடியும் குறைவாக இருப்பது நல்லது. தேறிவிட்ட 24 வயது ஆளிடம் ரிமோட்டைப் பிடுங்குவது சரியில்லை. நீங்கள் முன்னாலேயே பார்த்த படம் என்றால், "இதுல அந்த மாதிரி ஒரு சீன் இருக்கு, பார்க்கறியா?" என்று கேளுங்கள், முடிவு அவருடையது. எதிர்பாராமல் அப்படி ஒன்று வந்துவிட்டால் பதறிப்போய்ச் சேனலை மாற்ற வேண்டாம். இது உன்னைப் பற்றியது என்று படம் சொல்லாவிட்டாலும் நீங்கள் மாற்றுகிற வேகம் சொல்லிவிடும். "இந்த டாக்டர் எங்கதான் படிச்சானோ" என்று சிரித்துவிட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

தற்கொலைக் காட்சியில் மட்டும் கவனம் வேண்டும். எப்படிச் செய்தார் என்று விலாவாரியாகக் காட்டுவது, மனம் தளர்ந்திருக்கிறவரைத் தள்ளிவிடக்கூடும். உலக சுகாதார நிறுவனம் படம் எடுக்கிறவர்களுக்கென்றே 2019-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதே வருடம் நெட்ஃபிளிக்ஸ் தன்னுடைய தொடர் ஒன்றிலிருந்து அப்படிப்பட்ட காட்சியை, வெளியாகி இரண்டு வருடம் கழித்து, வெட்டி எடுத்தது. இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் யாரையாவது ஏதாவது செய்துவிடுவாரோ என்று உங்கள் அம்மா பயப்படுகிறார். எங்களுக்கு இருக்கிற பயம் வேறு. நோயின் பெயர் தெரிந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில், அதுவும் தெளிவு வருகிற நேரத்தில், இனி என் வாழ்க்கை இவ்வளவுதான் என்று தன்னையே முடித்துக்கொள்ள நினைக்கிறவர்கள் உண்டு. "செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்போது கத்தி, மாத்திரை எல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். எதற்காக என்று அவரிடம் சொல்லிவிட்டே எடுத்து வையுங்கள்.

இல்லை என்று சொன்னால், அம்மா அந்தக் கத்தியை அலமாரியிலிருந்து எடுத்துவிடட்டும். சாணை பிடித்து வந்துவிட்டது என்று இன்னொரு பொய் வேண்டாம். அது சாணைக்குப் போகவில்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவருடைய நோயே ஒரு காலத்தில் அவரிடம் ஓதியிருக்கலாம், அதற்கு இப்போது நாம் சாட்சி சொல்லக் கூடாது. "படத்தைப் பார்த்துப் பயந்துட்டேன்டா, தப்புதான்" என்று அம்மாவே சொல்லட்டும். சொல்லிவிட்டுக் கத்தியை அவர் கையிலேயே கொடுத்து, இருந்த இடத்தில் வைக்கச் சொல்லட்டும்.